மழைக்கு வருகிறவர்

மழை வந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். அவர் ஒருவர்தான் வீட்டை விட்டு வெளிக்கிடுவார். குடை பிடிக்க மாட்டார். குடை பிடித்தால் கூரை தெரியாதாம். சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு சீனிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கடப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஒழுகுதா?"

சலாமுக்கும் கேள்விக்கும் நடுவில் மூச்சு விடமாட்டார். இரண்டும் சேர்ந்துதான் சலாம் என்று என் சின்னத் தம்பி வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தான். ஓதப் போன இடத்தில், ஓதித்தருகிற லெப்பைக்கும் அப்படியே சொல்லி அடி வாங்கிக்கொண்டு வந்தான்.

அவருடைய பேரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் ஊர் கல்முனைக்குடியில் பாதிப் பேருக்கு ஆளை விளங்காது. ஈயத்து மாமா என்றால்தான் விளங்கும். ஈயத்தகடு வேலை அவருக்கு. மேசன் சுவரைக் கட்டிவிட்டுப் போவான், ஓடாவி கூரையைப் போட்டுவிட்டுப் போவான். சுவரும் கூரையும் சந்திக்கிற இடுக்கு இருக்கிறதே, அது மேசனுக்கும் சொந்தமில்லை, ஓடாவிக்கும் சொந்தமில்லை. மழைத்தண்ணீர் அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். அந்த இடுக்கில் ஈயத்தைப் படியவைத்து மூடுவதுதான் மாமாவின் தொழில்.

ஒழுகவில்லை என்று நாங்கள் சொன்னால் நம்பமாட்டார். தன் கண்ணைக்கூட நம்பமாட்டார். "சுண்ணாம்பு அடிச்ச சொவர் பொய் சொல்லும்" என்பார். உள்ளே வந்து, சாக்கின் உட்பக்கத்தில் வலது கையை நன்றாகத் துடைத்து, உள்ளங்கையைச் சுவரில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு அந்தக் கையை எங்களுக்கு நீட்டுவார். "தொட்டுப் பாருங்க." நாங்கள் தொட்டுப் பார்த்து, காய்ந்துதான் இருக்கிறது என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். பெண்கள் மட்டும் இருக்கிற வீடென்றால் கடப்படியிலேயே நின்றுகொண்டு, யாராவது ஒரு பிள்ளையைக் கொண்டு சுவரைத் தடவுவித்து அதன் கையைக் காட்டச் சொல்வார்.

அவருடைய பெண்சாதிக்கு இதில் பெரிய குறை. "மழ வந்தா ஊரெல்லாம் மாப்புளமார் ஊட்ட வாற. என்ட மாப்புள மட்டும் ஊட்டால போற" என்று என் உம்மாவிடம் வந்து அழாத குறையாகச் சொல்வா. சொல்லிவிட்டு அவவே சிரிப்பா.

ஒரே ஒரு விசயத்தில்தான் மாமாவுக்குப் பயப்படுவோம். ஈயத்தைத் தொட்ட கையை மணலும் சவர்க்காரமும் போட்டுக் கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடமாட்டார்; எந்தப் பிள்ளையின் கன்னத்தையும் கிள்ளமாட்டார். ஒரு தடவை, அவர் ஈயம் போட்ட கூரைப் பீலியின் கீழே உம்மா குடத்தை வைத்திருந்தா. மழைத்தண்ணீரில் தேத்தண்ணி நல்லாயிருக்கும் என்று அவவுக்கு ஒரு எண்ணம். மழைக்கு வந்தவர் அதைக் கண்டார். சலாமும் இல்லை, ஒழுகுதாவும் இல்லை. நேரே போய்க் குடத்தைக் காலால் தள்ளிவிட்டார். தண்ணீர் முற்றமெல்லாம் ஓடியது.

"ஈயத்துல உழுந்த தண்ணி கால் கழுவத்தான் மதினி. வாயில வெக்கப்படா. புள்ளையள் குடிச்சா புத்தி மங்கும்" என்றார். அவர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலின் குப்பா, அதாவது மேலே இருக்கிற அந்த வட்டக் குவிமாடம், மொட்டைக்கூரைத் தட்டோடு சேருகிற கழுத்தில் ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகும். முன் வரிசையில் தொழுகிறவர்களுக்கு நடுவில் ஒரு வாளி இருக்கும். மாமா தொழுது முடித்தால், எல்லோரும் துஆக் கேட்கிற நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று வாப்பா சொல்லிச் சிரிப்பார். "அந்தக் கழுத்துல ஒருக்கா ஈயம் சுத்தணும் காக்கா. சுத்திட்டா பொறவு எனக்கு ஒண்டும் வேணா" என்று, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற வாப்பாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரும் அடுத்த தடவை திருத்தும்போது உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பெண் கலியாணம் முடித்து எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதனால் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் பெற்றவர்களுக்குத் தூக்கமில்லை. இரண்டு பெண் இருந்தால் இரண்டு வீடு. வீடுகள் நிற்கிற வளவு மட்டும் ஒன்றுதான். வாப்பா முதலில் என் மூத்தவ ராத்தாவுக்கு வீடு கட்டினார். பிறகு எனக்கு, ராத்தாவின் வீட்டுச் சுவரில் சாய்ந்தாற்போல, உயரம் கொஞ்சம் குறைவாக ஒரு வீடு கட்டினார். என் கூரை அவவின் சுவரில் போய் முட்டும். எழுபத்தெட்டுச் சூறாவளி வந்து இரண்டு கூரையையும் அள்ளிக்கொண்டு போனது. சுவர்கள் நின்றன. வாப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

கூரை போட்டாயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஈயம் போடவேண்டும். அதற்கு ராத்தாவின் சுவரில் ஒரு விரல் ஆழத்துக்கு நீளமாக வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகவேண்டும். ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"என்ட சொவத்துல உளி வெக்க ஏலா. சூறாவளிக்கே நிண்ட சொவர் இது."

மச்சான் கெட்ட மனிதரில்லை. சூறாவளியன்று தன் கூரை பறந்துபோகப் போக, ராத்தாவையும் பிள்ளையையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, விடியும்வரை முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றவர். அந்தச் சுவரில் அவருக்கு அப்படி ஒரு பற்று. ஆனால் எனக்கு அப்போது அதெல்லாம் விளங்கவில்லை. எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வீடு முடியட்டும் பிறகு நாள் வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். ஒழுகுகிற வீட்டை யார் முடிந்த வீடு என்பார்? நான் ராத்தாவோடு கதைப்பதை நிறுத்தினேன். அவவும் விட்டது சனியன் என்று இருந்துவிட்டா. ஒரே கிணற்றில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் அள்ளினோம்.

ஈயத்து மாமா வாதாடவே இல்லை. "சரி மருமகன், மழ வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மழை வந்த நாளில் எங்கள் பக்கம் வராமல் நேரே ராத்தா வீட்டுக்குப் போனார். அறைக்குள் அலுமாரியைத் தள்ளச் சொன்னார். மச்சானின் கையைப் பிடித்து அதன் பின்னாலிருந்த சுவரில் வைத்து இழுத்தார். கை நனைந்து வந்தது. ராத்தா அலுமாரியைத் திறந்து பார்த்தா. கலியாணச் சாரி பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.

"தண்ணிக்கு இது ராத்தாட ஊடு, அது தங்கச்சிட ஊடு எண்டு தெரியுமா மருமகன்?" என்றார் மாமா. அடுத்த நாள் மச்சானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வேலையை நான் ஜன்னலால் பார்த்தேன். ஈயத்தை இரும்பால் அடிக்கமாட்டார். மரக் கொட்டாப்புளிதான். தொப்புத் தொப்பென்று ஒரு சத்தம். ஓட்டின் மேடுபள்ளமெல்லாம் அப்படியே அந்தச் சாம்பல் தகட்டில் படிந்து வரும். மேல் விளிம்பைச் சுவருக்குள் செருகி, ஈயத் துண்டுகளால் இறுக்கி, சாந்து பூசினார். கீழ் விளிம்பைச் சும்மா ஓட்டின்மேல் விட்டுவிட்டார். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பழைய மாத்தகர டின்னில் பொறுக்கிப் போட்டார். அவை சாய்ந்தமருதுக்குப் போகும். சூறாவளியில் வலையெல்லாம் பறிகொடுத்தவர்கள் புது வலைக்குக் குண்டு வார்க்க ஈயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்து உம்மாவிடமும் என்னிடமும் சொன்னார்: "கீழ் விளிம்புல ஆரும் ஆணி அடிக்கப்படா. வெயிலுக்கு ஈயம் நீளும், குளுருக்குச் சுருங்கும். ஒரு பக்கத்த இறுக்கினா மத்தப் பக்கத்த உடணும். ரெண்டையும் புடிச்சி வெச்சா கிழிஞ்சிரும்." பிறகு என்னைப் பார்த்து, "மாப்புளயையும் அப்பிடித்தான் வெச்சிரிக்கணும் மகள்" என்றார். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. மச்சான் அப்போது தன் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

கோடைக் கச்சான் காற்று தொடங்கியது. அந்தக் கீழ் விளிம்பு காற்றுக்கு இலேசாக எழும்பி எழும்பி விழும். பகல் நேரத்தில் டப், டப் என்று சத்தம் கேட்கும். நாங்கள் அதோடு பழகிவிட்டோம். ஒரு நாள் மச்சானைக் கடைக்கு விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் ஒரு கலியாணத்துக்கு வரிப்பத்தான்சேனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. ஈயம் படிந்துவிட்டது போல என்றா உம்மா.

மாப்பிள்ளைக்குச் சவூதிக்குப் போக விசா வந்தது. அதனால் மாரி என்றும் பாராமல் அவசரமாக நாள் வைத்தார்கள். கலியாண நாளன்று விடிந்ததிலிருந்து மழை. எனக்கு அழுகை வந்தது. "ஏன் புள்ள அழுற? ஈயத்து மாமா போட்ட ஈயம்" என்று என் தலையைப் பின்னிக்கொண்டே ராத்தா சொன்னா. அதற்குள் நாங்கள் ராசியாகியிருந்தோம்.

அன்றைக்கு மாமா மழைக்கு வந்தவரில்லை, கலியாணத்துக்கு வந்தவர். வெள்ளைச் சேட்டும் புதுச் சாரனுமாக, மாப்பிள்ளை வீட்டு ஆட்களோடு பலர் கூடி உண்கிற ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தாராம். நடந்ததைப் பிறகு வாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் பெரியப்பா சஹனில் கையை வைத்திருக்கிறார். சோற்றின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்க்குமுன்பே இன்னொன்று விழுந்தது. மாமா கழுவாத கையோடு எழும்பினார்.

உள்ளறையில் நகையும் பூவுமாக நான் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலே திடீரென்று தொப்புத் தொப்பென்று சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா?

"என்ன ராத்தா அது?"

"தேங்கா உழுகுது" என்றா ராத்தா. எங்கள் வளவில் கூரைக்கு மேலே தென்னை இல்லை.

கலியாணக் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கூரையிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சேட்டெல்லாம் பாசி. ஒழுக்கு நின்றிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "இதுதானா முடிஞ்ச ஊடு?" என்று கேட்டுவிட்டார். வாப்பாவுக்கு அவமானத்தில் கண் தெரியவில்லை.

"ஒன்ன நம்பி என்ட புள்ளைக்கு ஊடு கட்டினனே! நல்ல நாளும் அதுவுமா மூஞ்சில கரி பூசிட்டியே!"

மாமா சேட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டபடி நின்றார். பக்கத்தில் மச்சான், ஆட்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், செம்பும் கையுமாகச் சிலையாகிவிட்டார். மாமா அவரை ஒரு தடவை பார்த்தார்.

"என்ட புழதான் காக்கா" என்றார். "ஈயம் வெட்டினதில புழ போயிட்டு." மிச்சச் சோற்றைத் தின்னாமலே போய்விட்டார். காவின் என்கிற கலியாணப் பதிவு எழுதி, கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், ஒரு மாதத்தில் அந்தச் சொட்டை மறந்துவிட்டார்கள். ஊர் மறக்கவில்லை.

கலியாண வீட்டில் ஒழுகின ஈயம் என்று ஊர் முழுக்கப் பேச்சாயிற்று. அவருடைய ஈயம் ஒழுகியது என்று அதற்கு முன் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் அவ்வளவு ருசியாகப் பேசினார்கள். பள்ளிவாசலைத் திருத்தத் தொடங்கியபோது மரைக்கார்மார் குப்பா வேலையை வெளியூர் ஆளொருவருக்குக் கொடுத்தார்கள். மாமா எதுவும் கேட்கவில்லை. மழைக்கு மட்டும் வழமைபோல் வந்தார். சலாம், ஒழுகுதா, உள்ளங்கை, தொட்டுப் பாருங்க. முன்பெல்லாம் நாங்கள் காய்ந்துதான் இருக்கிறது என்றால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எல்லா மழைக்கும் ஒழுகாத ஈயம் அண்டைக்கு மட்டும் என்னெண்டு மாமா ஒழுகின?"

"ஈயம் கோவிச்சிட்டு மகள்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

வெளியூர் ஆள் செய்த குப்பா வேலை முதல் மாரியையே தாங்கவில்லை. வாளி பழையபடி முன் வரிசைக்கு வந்தது. ஒரு மரைக்கார், "ஈயத்தானுக்குக் குடுத்திருந்தாலும் இதுதான் கதி. கலியாணச் சோத்துக்குள்ளயே மழ பெய்யவெச்சவன்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். மாமாவும் அங்கேதான் இருந்தாராம், மச்சானும் இருந்தாராம்.

அன்று மாலை ராத்தா என்னிடம் வந்தா. முகம் வெளிறிக் கிடந்தது. "மச்சான் சோத்துல கை வெக்கிறாரில்ல. கேட்டா அழுறார்" என்றா. பிறகு சொன்னா. கச்சானுக்கு அந்த விளிம்பு டப் டப்பென்று அடித்தபோது மச்சானுக்குச் சூறாவளிதான் ஞாபகம் வந்ததாம். மறுபடி கூரை போகப்போகிறது என்று பயந்துவிட்டாராம். நாங்கள் வரிப்பத்தான்சேனைக்குப் போன அன்று ஏணி வைத்து ஏறி, கீழ் விளிம்பு நெடுகத் தகர ஆணி அடித்து, மேலே சீமெந்தும் பூசிவிட்டாராம். நமக்கெல்லாம் நல்லது செய்ததாகத்தான் நினைத்தாராம்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சுளகைக் கீழே போட்டேன். "எனக்கிட்ட சொல்லி என்ன? பள்ளில போய்ச் சொல்லச் சொல்லுங்க!" என்றேன். சொன்ன பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஒரு மனிதன் ஊர் நடுவில் நின்று அப்படிச் சொல்வது லேசா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் எழும்பும்போது மச்சான் சொன்னார். கைகால் கழுவுகிற ஹவுளடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கட கலியாண ஊட்டுல ஒழுகினது மாமாட வேலையால இல்ல. ஆணி அடிச்சது நான்" என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போதும் குனிந்துதான் இருந்தார்.

மாமா செருப்பைத் தேடிக்கொண்டே மறுமொழி சொன்னாராம்: "அது எனக்குத் தெரியும் மருமகன். அண்டைக்கு ஆணியெல்லாம் கழட்டி என்ட பைக்குள்ளதான் போட்டன். அந்த வருசம் இந்த ஊரில கூரைக்கு ஆணி அடிக்காத ஆரு? பயந்த மனிசன் அடிச்ச ஆணிய, மாப்புள ஊட்டாருக்கு முன்னால எடுத்துக் காட்டவா?"

அப்படித்தான் குப்பாவின் கழுத்து அவர் கைக்கு வந்தது. அடுத்த மாரிக்கு முன்னர், வெயில் காலம் முழுக்கப் பள்ளிப் பக்கமிருந்து கொட்டாப்புளிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் பெண்சாதி வந்து, "மழைக்குத்தான் போறவர், இப்ப வெயிலுக்கும் போறார்" என்றா. கீழே நின்று தகட்டைத் தூக்கிக் கொடுத்தது மச்சான். கடையை அந்த நாட்களில் ராத்தாதான் பார்த்துக்கொண்டா.

முதல் மழை ஒரு பின்னேரம் அடித்து ஊற்றியது. நான் ஜன்னலடியில் நின்றேன். ராத்தாவும் அவவின் ஜன்னலில் நின்றா. கடப்படியில் சலாம் கேட்கவில்லை. மழை ஓய்கிற மாதிரி இருந்து மறுபடி பிடித்தது. அவர் வரவில்லை. குப்பா ஒழுகிவிட்டதோ என்று நினைத்தேன். மச்சான் பொறுக்கமுடியாமல் வெளியே இறங்கிக் கடப்படியில் போய் நின்றார்.

தெரு முனைத் தொங்கலில் மாமா வந்தார். தோளில் சாக்கு இல்லை. தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஓடுகிறது. வலது கையைச் சேட்டுக்குள்ளே விட்டு, சாக்கைச் சுருட்டி அதன்மேல் பொத்தி, சூடான எதையோ கொண்டுவருகிற ஆள்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். நேரே மச்சானின் முன்னால் வந்து நின்றார். சலாம் சொல்லவும் மறந்துவிட்டார். மச்சானை எங்கள் கூரைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து, சாக்கை எடுத்து, சேட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து விரித்தார்.

"இப்பதான் குப்பாட கழுத்தடியில தடவின கை. பள்ளியிலரிந்து இப்பிடியே கொண்டாறன். தொட்டுப் பாருங்க மருமகன்."

மச்சான் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை.

"காஞ்சிதான் இரிக்கி மாமா" என்றார்.